மூலை உருண்ட கதை

"குறிப்பிடாத மூலைகளுக்கெல்லாம் ஆரம் 3 மி.மீ." சென்ற நூற்றாண்டின் இயந்திர வரைபடங்களில், தாளின் கீழ்ப்பக்கத்துத் தலைப்புக் கட்டத்துக்கு அருகே இப்படி ஒரு வரி இருக்கும். பம்ப் உறை, கியர் பெட்டி, எஞ்சின் பிளாக் என எதை எடுத்தாலும் ஏதாவது ஒரு வடிவில் இந்த வரி வந்துவிடும். எண் மட்டும் வேலைக்குத் தகுந்தபடி மாறும். தாளில் இரண்டு பரப்புகள் கூர்மையாக முட்டுவதுபோலத் தெரிந்தாலும், செய்யும்போது அந்த மூலையை உருட்டிவிடு என்பதே அதன் பொருள்.

எப்படி உருட்டுவது, மூன்று விளிம்புகள் ஒரே புள்ளியில் கூடினால் என்ன செய்வது, ஓர் உருளையும் இன்னோர் உருளையும் சாய்வாகச் சேருமிடத்தில் வளைவு எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்பதையெல்லாம் அந்த வரி சொல்லாது. வரைவாளர் அந்தப் பொறுப்பைப் பட்டறைக்கு விட்டுவிட்டார். பட்டறையில் பதில் தெரிந்த கைகள் இருந்ததால் யாருக்கும் சிரமம் தெரியவில்லை. வடிவமைப்பு கணினிக்குப் போனபோதுதான் இந்த ஒற்றை வரிக்குள் எவ்வளவு ஒளிந்திருந்தது என்பது வெளிப்பட்டது. கணினியால் குறிப்பறிந்து நடந்துகொள்ள முடியாது. பட்டறைக் கைகளுக்குப் பழகிப்போன ஒன்றைப் படிப்படியாகக் கணக்காக எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த வேலைக்கு ஒரு தலைமுறைக் கணித அறிஞர்களின் உழைப்பு தேவைப்பட்டது.

கை எப்படிச் செய்தது என்று முதலில் பார்ப்போம்.

இரும்பு வார்ப்பில், மரத்தில் செய்த பேட்டர்னை மணலில் பதித்து, வெளியே எடுத்து, அந்தக் குழிக்குள் உருகிய உலோகத்தை ஊற்றுவார்கள். பேட்டர்னின் உள்மூலை கூராக இருந்தால் மணலில் அதற்கு எதிரே கூரான விளிம்பு நிற்கும். பேட்டர்னைத் தூக்கும்போதே அது உதிரும். உதிராமல் தப்பினாலும் ஊற்றும் இரும்பு அரித்துக்கொண்டு போகும். அதைவிட ஆழமான கேடு, உலோகம் குளிரும்போது நேர்கிறது. சுவரை ஒட்டியிருக்கும் உலோகம் முதலில் உறையும். அதன் படிகங்கள் சுவருக்குச் செங்குத்தாக உள்நோக்கி வளரும். இரண்டு சுவர்கள் கூராகச் சேருமிடத்தில் இரு பக்கத்துப் படிகங்களும் மூலைவிட்டத்தில் முட்டி நிற்க, அந்தக் கோடு முழுவதும் பலவீனமாகிவிடும். குளிர்ந்து சுருங்கும்போது பல வார்ப்புகள் அங்கேதான் பிளக்கும். அதற்காக ஆரத்தைக் கண்டபடி பெரிதாக்கவும் முடியாது. மூலையில் உலோகம் திரண்டு, மற்ற இடங்கள் உறைந்த பிறகும் உருகியே இருந்து, கடைசியில் உள்ளே பொள்ளல் விழும். ஆகவே சுவரின் தடிமனுக்கு ஏற்ற ஆரம் என்பது தொழிலின் அடிப்படைப் பாடம்.

பேட்டர்னின் உள்மூலையில் இப்படி வைக்கும் குழிந்த நிரப்புக்கு ஃபில்லெட் என்று பெயர். மரத்திலேயே அதைச் செதுக்கினால் விளிம்புகள் காகிதம்போல் மெலிந்து உடைந்துவிடும். அதனால் பேட்டர்ன் செய்யும் தச்சர்கள் மெழுகையும் தோலையும் நாடினார்கள். முக்கோண வெட்டுமுகம் கொண்ட தோல் பட்டைகள் அளவு அளவாக விற்பனைக்கு வந்தன. மூலையில் வச்சிரம் தடவி, பட்டையை வைத்து அழுத்த வேண்டும். வளைந்து செல்லும் மூலையில் தோலும் கூடவே வளையும். மெழுகு என்றால் இழையாகப் பிழிந்து மூலையில் இடுவார்கள். இரண்டுக்கும் பொதுவான கருவி ஒன்று உண்டு: ஓர் இரும்புக் கம்பி, அதன் இரு முனையிலும் வெவ்வேறு அளவில் உருண்டைகள். வேண்டிய ஆரமுள்ள உருண்டையை லேசாகச் சூடுபடுத்தி, மூலையோடு அழுத்தி இழுத்துக்கொண்டே போக வேண்டும். உருண்டை இரண்டு சுவர்களையும் ஒரே சமயத்தில் தொடும். அது போன வழியில் மெழுகு பள்ளமாகி, இரண்டு சுவர்களோடும் விளிம்பு தெரியாமல் இணைந்து நிற்கும். பம்புக்கும் மோட்டாருக்கும் பேர்போன கோயம்புத்தூரின் ஃபவுண்டரிகள் உட்பட, மணல் வார்ப்பு நடக்கும் ஊர்களிலெல்லாம் இந்த அறிவுதான் கைமாறி வந்தது.

இந்த உருண்டையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் கணினி அறிவியலாளர்களின் கட்டுரைகளில் அது மறுபடி வரும்.

வார்ப்படக்காரர்கள் மூலையை உருட்டியது குளிர்ச்சிக்காக. வலிமைக்காக உருட்ட வேண்டும் என்ற அறிவு விபத்துகளின் வழியே வந்தது. 1842 மே 8ஆம் தேதி, வெர்சாய் அரண்மனையில் மன்னர் லூயி பிலிப்பின் விழாவைப் பார்த்துவிட்டுப் பாரிஸ் திரும்பிய கூட்டம் ரயிலில் நிரம்பியிருந்தது. மெடோன் அருகே முன் எஞ்சினின் அச்சு முறிந்தது. பின்னால் வந்த பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தீப்பிடித்தன. அன்றைய வழக்கப்படி பெட்டிக் கதவுகள் வெளியே பூட்டியிருந்தன. 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உலகைச் சுற்றிவந்த கடலோடி டூமோன் துர்வீல், மனைவி மகனோடு அதில் மாண்டார்.

அச்சு ஏன் முறிந்தது? நாள்பட்ட ஓட்டத்தில் இரும்பு உள்ளுக்குள் படிகமாக மாறி நொறுங்கும் தன்மை பெறுகிறது என்பதே அன்றைய பொதுவான நம்பிக்கை. இருபது வயதுகளின் தொடக்கத்தில் இருந்த ஸ்காட்லாந்துப் பொறியாளர் வில்லியம் ராங்கின் முறிந்த அச்சுகளைக் கூர்ந்து பார்த்தார். மெல்லிய தாங்கிப் பகுதியும் பருத்த உடல் பகுதியும் சேரும் தோளில்தான் முறிவு இருந்தது. அந்தத் தோள் மூலையில் சுற்றிலும் நுண்ணிய விரிசல் தோன்றி, ஓட ஓடக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்ந்து, நடுவில் மிஞ்சிய இரும்பு சுமை தாங்காத நாளில் ஒரேயடியாக முறிந்திருந்தது. 1843இல் லண்டன் கட்டடப் பொறியாளர் கழகத்துக்கு அளித்த கட்டுரையில் அவர் சொன்ன தீர்வு எளிமையானது: தோளை வளைவாக அமைக்க வேண்டும், கடைசல் இயந்திரத்தில் வெட்டி உருவாக்குவதற்கு முன், அடிக்கும்போதே அந்த வளைவைக் கொண்டுவந்தால் இரும்பின் நார் அறுபடாமல் தொடரும். தொடர்ச்சியின் விதி என்று அதற்கு அவர் பெயரிட்டார்.

பின்னர் பிரஷ்ய ரயில்வேயின் ஆகஸ்ட் வோலர், அச்சுகளை இயந்திரத்தில் மாட்டி லட்சக்கணக்கான முறை சுழற்றி, எந்தச் சுமையில் எத்தனை சுற்றுக்குப் பிறகு முறியும் என்று பட்டியல் போட்டார். உலோகச் சோர்வு பற்றிய ஆய்வு அங்கிருந்துதான் வேர்விட்டது. கூர்மூலை உள்ள துண்டுகள் சீக்கிரம் முறிவதையும் அவருடைய சோதனைகள் காட்டின.

எவ்வளவு கூர்மைக்கு எவ்வளவு ஆபத்து என்ற கணக்கை 1913இல் கேம்பிரிட்ஜின் சார்லஸ் இங்லிஸ் கப்பல் பொறியாளர்கள் முன் வைத்தார். இழுக்கப்படும் தகட்டில் ஒரு நீள்வட்டத் துளை இருப்பதாகக் கொள்வோம். துளையின் பாதி நீளத்தை நுனியின் ஆரத்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, இரண்டால் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால், நுனியில் தகைவு (ஒரு பரப்பளவு தாங்கும் விசை) சராசரியைப்போல் எத்தனை மடங்கு என்பது கிடைக்கும். வட்டத் துளைக்கு 3 மடங்கு. நுனியின் ஆரம் பாதி நீளத்தில் நான்கில் ஒன்றானால் 5 மடங்கு. நூறில் ஒன்றானால் 21 மடங்கு. ஆரம் பூச்சியத்தை நெருங்க நெருங்கத் தகைவு எல்லையின்றி ஏறும். சதுரத் துளையின் மூலையில் விரிசல் பிறப்பதற்கான காரணம் இந்தச் சிறு சூத்திரத்துக்குள் அடங்கியது.

கணக்குக்கு அடங்காத வடிவங்களுக்கு வேறு வழி வேண்டும். முதல் உலகப் போரின் நடுவே, இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆய்வகத்தில் ஏ. ஏ. கிரிஃபித்தும் ஜி. ஐ. டெய்லரும் சோப்புப் படலத்தை எடுத்துக்கொண்டார்கள். முறுக்கப்படும் தண்டின் வெட்டுமுக வடிவில் தகட்டில் துளை வெட்டி, அதன்மேல் சோப்புப் படலத்தை விரித்து, கீழிருந்து லேசாகக் காற்றழுத்தம் கொடுத்தார்கள். படலம் உப்பும். எந்த இடத்தில் அதன் சரிவு செங்குத்தாகிறதோ அந்த இடத்தில் தண்டில் தகைவு அதிகம். இரண்டின் சமன்பாடும் ஒன்றே. உள்மூலை கூராக இருந்தால் படலம் அங்கே செங்குத்தாக எழுந்தது, உருட்டினால் தணிந்தது. 1917இல் வெளியான இந்த ஆய்வால், மூலையின் ஆரம் எவ்வளவு போதும் என்பதை ஒரு சோப்புக் குமிழியைக் கொண்டு அளக்க முடிந்தது.

அறிவு தாளில் வந்துவிட்டாலும் தொழிலுக்கு வந்துசேர இன்னும் இரண்டு பெரிய அடிகள் விழ வேண்டியிருந்தது.

முதல் அடி கப்பல்களில் விழுந்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா 2,710 லிபர்ட்டி கப்பல்களை அவசரமாகக் கட்டியது. தகடுகளை ரிவெட் அடித்துச் சேர்க்காமல் வெல்டிங் செய்தார்கள். மேல்தளத்தில் சரக்கு இறக்கும் வாய்களின் மூலைகள் சதுரமாக இருந்தன. குளிர்க்கடலில் அந்த எஃகு நெகிழ்வை இழந்தது. மூலையில் பிறந்த விரிசல், வழியில் தடுக்க ரிவெட் இணைப்பு ஏதும் இல்லாமல், தகடு தகடாக ஓடியது. சில கப்பல்கள் இரண்டாகப் பிளந்தன. குளிரில் எஃகு எப்படி நொறுங்கும் தன்மைக்கு மாறுகிறது என்பதைக் கேம்பிரிட்ஜில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் ஆராய்ந்தார். கப்பல் பட்டறைகள் செய்த திருத்தங்களில் முக்கியமான ஒன்று, அந்த வாய்களின் மூலைகளை உருட்டியது.

இரண்டாவது அடி வானத்தில். டி ஹாவிலண்ட் காமெட், உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானம். 1952 மே 2ஆம் தேதி லண்டனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்குச் சேவை தொடங்கியது. சரியாக ஓராண்டு கழித்து, அதே மே 2ஆம் தேதி, கல்கத்தா டம்டமிலிருந்து கிளம்பிய காமெட் ஒன்று புயல் மேகத்தில் சிதறி 43 பேர் இறந்தார்கள். புயலின் மேல் பழி விழுந்தது. 1954 ஜனவரியில் எல்பா தீவருகிலும், ஏப்ரலில் நேப்பிள்ஸ் அருகிலும் தெளிவான வானில் இரண்டு காமெட்டுகள் கடலில் விழுந்தபோது புயலைக் காட்ட வழியில்லை. ஃபார்ன்பரோவில் ஒரு முழு விமான உடலைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, பறக்கும்போது உள்ளே காற்றழுத்தம் ஏறி இறங்குவதைத் தண்ணீரால் மறுபடி மறுபடி நடத்திக் காட்டினார்கள். அது ஏற்கெனவே பறந்ததையும் தொட்டியில் பட்டதையும் சேர்த்து 3,057ஆவது சுற்றில் உடல் கிழிந்தது. கிழிசல் திறப்பின் மூலையில் தொடங்கியிருந்தது. எல்பா கடலடியிலிருந்து மீட்ட கூரைத் தகட்டிலும், ஆண்டெனாவுக்காக வெட்டிய திறப்பின் மூலையருகே விரிசலின் தொடக்கம் தெரிந்தது.

காமெட்டின் ஜன்னல்கள் சதுரமானவை என்று பலரும் சொல்வதுண்டு. உண்மையில் அவற்றின் மூலைகள் உருட்டப்பட்டே இருந்தன. அந்த மெல்லிய தகட்டுக்கும் அழுத்தத்துக்கும் அந்த ஆரம் போதவில்லை. மூலையில் தகைவு வடிவமைப்பாளர்கள் கணக்கிட்டதைவிட மிக அதிகமாக இருந்தது. பின்னர் வந்த காமெட்டில் ஜன்னல்கள் வட்டத்தை நெருங்கின. உருட்டினால் மட்டும் போதாது, சுமை தாங்கும் மூலைக்கு அதற்குரிய ஆரத்தைக் கணக்கிட்டுக் குறிக்க வேண்டும் என்பது இதில் உறுதியானது.

வரைபலகையில் அந்த ஆரத்தை வரைவதற்கு ஒரு வழி இருந்தது. பயிற்சிக்கு வரும் வரைவாளர்கள் முதல் சில வாரங்களிலேயே கற்றுக்கொள்வது. இரண்டு கோடுகள் சேரும் மூலையை 20 மி.மீ. ஆரத்தில் உருட்ட வேண்டும் என்றால், ஒவ்வொரு கோட்டுக்கும் 20 மி.மீ. தள்ளி உட்பக்கமாக ஓர் இணைகோடு போட வேண்டும். இணைகோடுகள் வெட்டும் புள்ளிதான் காம்பஸின் முள் நிற்க வேண்டிய இடம். அங்கிருந்து இரண்டு மூலக் கோடுகளுக்கும் செங்குத்து இறக்கினால், வில் தொடங்கும் புள்ளியும் முடியும் புள்ளியும் கிடைக்கும். வில்லை வரைந்து, மூலைக்கு அப்பால் மிஞ்சிய கோட்டை அழித்துவிட்டால் முடிந்தது. கோட்டுக்குப் பதில் வட்டமாக இருந்தால், இணைகோட்டுக்குப் பதில் ஆரத்தைக் கூட்டியோ கழித்தோ இன்னொரு வட்டம். பென்சிலைக் கூராகச் சீவி, வில்லை முதலில் போட்டுவிட்டுப் பிறகு கோட்டை அதனோடு சேர்ப்பது நல்ல வரைவாளரின் பழக்கம். கோட்டுக்கு வில்லைப் பொருத்துவதைவிட வில்லுக்குக் கோட்டைப் பொருத்துவது எளிது.

1963இல் ஐவன் சதர்லாண்ட், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் லிங்கன் ஆய்வகத்து டிஎக்ஸ்-2 கணினியில், ஒளிப்பேனாவால் திரையில் வரையும் ஸ்கெட்ச்பேட் நிரலைச் செய்துகாட்டினார். கோடுகளும் வட்டவில்களும், அவை இணையாகவோ செங்குத்தாகவோ இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளும் அதில் இருந்தன. அந்த வசதி ஆராய்ச்சிக்கூடங்களையும் பெருநிறுவனங்களையும் தாண்டிச் சிறு அலுவலக மேசைக்கு வர, 1982இல் ஆட்டோடெஸ்க் நிறுவனம் ஆட்டோகேட் வரைவு மென்பொருளைக் கொண்டுவர வேண்டியிருந்தது. அதன் ஃபில்லெட் கட்டளை வரைபலகைப் பாடத்தின் நேர் வாரிசு. ஆரத்தைச் சொல்லி, இரண்டு கோடுகளைத் தொட்டால், மையத்தைக் கண்டு, வில்லைப் போட்டு, மிச்சத்தை வெட்டிவிடும்.

இங்கேதான் கைக்குத் தெரியாமலே தெரிந்திருந்த ஒன்று வெளிப்பட்டது. ஒன்றையொன்று வெட்டும் இரண்டு கோடுகளையும் தொட்டுக்கொண்டு, குறித்த ஆரத்தில் நிற்கும் வட்டங்கள் நான்கு, கோணத்துக்கு ஒன்றாக. ஒன்றையொன்று வெட்டும் இரண்டு வட்டங்களைத் தொடுபவை எட்டு வரை போகலாம். எது வேண்டும் என்பதை வரைவாளரின் கண் ஒரு நொடியில் முடிவுசெய்யும். நிரலுக்கு அந்தக் கண் இல்லை. அதனால் பயனர் கோட்டின் எந்தப் பகுதியைத் தொட்டாரோ அந்தப் பகுதி நிற்கட்டும், மறுபகுதி போகட்டும் என்று விதி செய்தார்கள். கோட்டின் தவறான பக்கத்தைத் தொட்டால் வேண்டிய பகுதி வெட்டுப்பட்டுப் போவதன் காரணம் இதுதான். இன்னொரு அழகான பயனும் கிடைத்தது: ஆரம் 0 என்று கொடுத்தால், எட்டாமல் நிற்கும் இரண்டு கோடுகள் நீண்டு கூர்மூலையாகச் சேரும். உருட்டப் பிறந்த கட்டளையைக் கூராக்குவதற்கே அன்றாடம் பயன்படுத்துகிறவர்கள் பலர்.

கோடும் வட்டமும் போய், கட்டற்ற வளைவரைகள் வந்தபோது வேலை கடினமாயிற்று. 1959இல் சிட்ரோயனில் பால் த காஸ்டெல்ஜோவும், அறுபதுகளில் ரெனோவில் பியர் பெசியேவும் கார் உடல்களுக்கான வளைவரைகளைச் சில கட்டுப்பாட்டுப் புள்ளிகளால் குறிக்கும் முறையைத் தனித்தனியே உருவாக்கினார்கள். காஸ்டெல்ஜோவின் வேலையை அவருடைய நிறுவனம் ரகசியமாக வைத்துக்கொண்டதால் வளைவரைக்குப் பெசியேயின் பெயர் நிலைத்தது. வரைபலகைப் பாடம் இங்கே அப்படியே உதவாது. பெசியே வளைவரைக்குக் குறித்த தூரத்தில் இணையாகச் செல்லும் வளைவரை பொதுவாக இன்னொரு பெசியே வளைவரையாக அமையாது. நடுவில் வர்க்கமூலம் வந்து நிற்கும். ஆகவே மையத்தை ஒரே கணக்கில் கண்டுபிடிக்க முடியாமல், ஊகித்து, பிழையை அளந்து, திருத்தி, மறுபடி ஊகித்து நெருங்க வேண்டும். வளைவரையின் உட்பக்கம் ஏதோ ஓரிடத்தில் 5 மி.மீ. ஆரத்துக்கு இறுகியிருந்து, அதே இடத்தில் 8 மி.மீ. வில் கேட்டால், இணை வளைவரை தன்மேலேயே மடிந்து முடிச்சுப் போட்டுக்கொள்ளும். அங்கே வில்லுக்கு இடமே இல்லை. மென்பொருள் ஒரு வரிப் பிழைச்செய்தியோடு நிற்கும். பயன்படுத்துகிறவருக்குக் காரணம் தெரியாது.

தாளிலிருந்து திடப்பொருளுக்கு வந்தால் மூலை என்பது புள்ளியாக இல்லாமல் நீண்ட விளிம்பாகிவிடும். எழுபதுகளின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜில் இயன் பிரெய்ட் திடவடிவங்களைக் கணினியில் அமைக்கும் முறையை உருவாக்கினார். அந்தக் குழுவிலிருந்து பிறந்த ஷேப் டேட்டா நிறுவனம் ரோமுலஸ், பிறகு பாராசாலிட் என்ற திடவடிவ மென்பொருள்களைத் தந்தது. சமதளங்கள் சேரும் நேர்விளிம்பை உருட்டினால் உருளை கிடைக்கும். உருளை தளத்தில் செங்குத்தாக நிற்கும் வட்ட விளிம்பை உருட்டினால் வளையப் பரப்பு கிடைக்கும். இரண்டும் எளிய வடிவங்கள். ஒரு குழாய் இன்னொரு குழாயில் சேரும் விளிம்பை உருட்டச் சொன்னால், கிடைக்கும் பரப்புக்குப் பெயரும் கிடையாது, எளிய சமன்பாடும் கிடையாது.

கணித அறிஞர்கள் அதற்குக் கண்ட உருவகம், பந்து. சுவரும் தரையும் சேரும் மூலையில் ஒரு கோலிக்குண்டை இரண்டையும் தொட்டபடி உருட்டிக்கொண்டே போனால், அது கடந்த இடத்தின் ஓரமே ஃபில்லெட் பரப்பு. பந்தின் மையம் நடக்கும் பாதை, இரண்டு பரப்புகளையும் ஆரத்தளவு தள்ளி வைத்தால் அவை வெட்டும் கோடு. வரைபலகையின் இணைகோடுகள் இங்கே இணைபரப்புகளாயின. தச்சரின் சூடான உருண்டைக்கருவி மெழுகில் செய்ததும் இதையேதான். 1984இல் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தின் யாரெக் ரோசினியாக்கும் அரிஸ்டைடிஸ் ரெக்விச்சாவும் இன்னொரு கோணத்தில் அதே இடத்துக்கு வந்தார்கள். ஒரு திடப்பொருளை எல்லாப் பக்கமும் ஆரத்தளவு பெருக்கி, மறுபடி அதே அளவு சுருக்கினால் உள்மூலைகள் உருண்டுவிடும்; முதலில் சுருக்கிப் பிறகு பெருக்கினால் வெளிமூலைகள் உருளும். அதே காலத்தில் கிறிஸ்டோஃப் ஹாஃப்மனும், 1986இல் டூரிங் விருது பெற்ற ஜான் ஹாப்கிராஃப்டும், இரண்டு பரப்புகளின் சமன்பாடுகளிலிருந்தே இணைப்புப் பரப்பின் சமன்பாட்டைப் பெறும் இயற்கணித வழியை வகுத்தார்கள். 1994இல் விடா, மார்ட்டின், வாராடி மூவரும் இத்தகைய முறைகளைத் தொகுத்து வகைப்படுத்தி எழுதும் அளவுக்கு அவை பெருகியிருந்தன.

எல்லாவற்றிலும் கடினமானது, மூன்று விளிம்புகள் கூடும் முனை. மூன்றும் வெளிமூலையாக, ஒரே ஆரத்தில், செங்குத்தாக இருந்தால் கோளத்தின் எட்டில் ஒரு பங்கு கச்சிதமாக உட்காரும். இரண்டு வெளியே, ஒன்று உள்ளே, ஆரங்களும் வேறுவேறு என்றால் பந்துக்கு உருண்டு போக வழியில்லை. முனைக்குச் சற்று முன்பே மூன்று உருட்டல்களையும் நிறுத்திவிட்டு, நடுவில் விழும் ஐந்து அல்லது ஆறு பக்க ஓட்டையைத் தனியொரு பரப்பால் மூட வேண்டும். மெழுகில் தச்சரின் கட்டைவிரல் ஓர் அழுத்தில் முடித்த வேலை அது.

1988இல் வெளிவந்த புரோ-எஞ்சினியர் மென்பொருளுக்குப் பிறகு, வடிவமைப்பின் ஒவ்வொரு படியும் வரிசையாக நினைவில் வைக்கப்பட்டு, அளவை மாற்றினால் எல்லாம் மறுபடி கட்டப்படும் வழக்கம் பரவியது. சுவரின் தடிமன் ஒரு மில்லிமீட்டர் மாறினால் எங்கோ ஓர் உருட்டலுக்கு இடம் போதாமல் வரிசை முழுவதும் நின்றுவிடும். அதிலிருந்து சில பழக்கங்கள் பிறந்தன: ஃபில்லெட்டைக் கடைசியில் போடு, பெரிய ஆரத்தை முதலிலும் சின்னதைப் பின்னும் போடு, அழகுக்கான உருட்டலின்மேல் வேறு எதையும் சார்த்தாதே. பயிற்சிக்கு வருபவருக்கு மூத்தவர் இதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறார். பேட்டர்ன் கடையிலும் பாடம் இப்படித்தான் நடந்தது.

வட்டவில்லே போதாது என்று தெரிந்த துறைகளும் உண்டு. நேர்கோட்டிலிருந்து வட்டவில்லுக்கு மாறும் புள்ளியில் திசை மாறுவதில்லை. வளைவின் அளவு மட்டும் பூச்சியத்திலிருந்து சட்டென்று எகிறும். ரயில் அந்தப் புள்ளியைக் கடக்கும்போது பயணி ஒரு பக்கம் தள்ளப்படுவார். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ரயில்வேக்காரர்கள் நேர்ப்பாதைக்கும் வளைவுக்கும் நடுவில், வளைவு மெல்ல மெல்ல இறுகும் இடைவளைவைப் போடத் தொடங்கினார்கள். கார் உடலில் இதே குறை ஒளியில் தெரியும். கூரையில் விழும் விளக்கின் பிரதிபலிப்பு, வில் தொடங்குமிடத்தில் முறிந்து திரும்பும். வடிவமைப்பாளர்கள் திரையில் மாதிரியின்மேல் வரிக்குதிரைக் கோடுகளை ஓடவிட்டுப் பார்ப்பது இதற்காகத்தான். கோடுகள் இணைப்பில் ஒடிந்தால் தொடுகோட்டுத் தொடர்ச்சி மட்டும். வழுக்கிக்கொண்டு போனால் வளைவிலும் தொடர்ச்சி. ஆட்டோகேட்டிலும் 2012 பதிப்பில், வட்டவில்லுக்குப் பதிலாக இரண்டு வளைவரைகளை இழைவான வளைவரையால் இணைக்கும் தனிக் கட்டளை வந்தது.

திரைக்குள்ளேயும் மூலைகள் உருண்டன. 1981இல் ஆப்பிளில் பில் அட்கின்சன், ஒற்றைப்படை எண்களை வரிசையாகக் கூட்டினால் வர்க்க எண்கள் வரும் என்ற உண்மையைப் பிடித்துக்கொண்டு, வர்க்கமூலம் கணக்கிடாமலே வட்டங்களையும் நீள்வட்டங்களையும் வேகமாக வரையும் வழியைக் கண்டார். மூலை உருண்ட செவ்வகமும் வேண்டும் என்றார் ஸ்டீவ் ஜாப்ஸ். தேவையில்லை என்ற அட்கின்சனைத் தெருவுக்கு அழைத்துச் சென்று, கண்ணில் பட்ட பொருள்களையெல்லாம் சுட்டிக்காட்டி, கடைசியில் வாகனம் நிறுத்தத் தடை சொல்லும் பலகை முன் நிறுத்தியதாக உடன் பணியாற்றிய ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட் எழுதியிருக்கிறார். மறுநாள் மதியத்துக்குள் அட்கின்சன் அதைச் செய்துமுடித்தார். 2013இல் ஐஃபோனின் செயலிச் சின்னங்களில் வட்டவில் மூலைகளும் போய், கார் உடலில் இருப்பதுபோல் மெல்ல இறுகித் தளரும் வளைவு வந்தது.

இன்று இந்தக் கணக்கு எதிர்த்திசையிலும் நடக்கிறது. வரைபடம் தொலைந்துபோன பழைய பம்ப் உறைகளையும் எஞ்சின் பாகங்களையும் லேசரால் அளந்து, லட்சக்கணக்கான புள்ளிகளிலிருந்து கணினி மாதிரியை மீட்கிறார்கள். இணைப்புப் பரப்புகளைத் தொகுத்து எழுதிய தமாஸ் வாராடியும் ரால்ஃப் மார்ட்டினும் பிறகு இந்தத் துறையின் முன்னோடிகளாயினர். சமதளங்களும் உருளைகளும் புள்ளிக்கூட்டத்தில் தெளிவாகத் தெரிந்துவிடுகின்றன. சிக்க வைப்பவை ஃபில்லெட்டுகள். சுவரோடு விளிம்பு தெரியாமல் சேர வேண்டும் என்றுதானே தச்சர் மெழுகை இழைத்தார். சுவர் எங்கே முடிந்தது, அவர் உருண்டை எங்கே தொடங்கியது என்று இப்போது நிரலுக்குத் தெரிவதில்லை. அதனால் முதலில் பெரிய பரப்புகளை மட்டும் பொருத்தி, அவற்றை நீட்டிக் கூராக முட்டவைத்து, தச்சர் தொடாத மூலையைத் திரையில் மறுபடி உண்டாக்குகிறார்கள். பிறகு 3 மி.மீ., 4 மி.மீ., 5 மி.மீ. என்று ஆரத்தை மாற்றி மாற்றிப் பந்தை உருட்டி, அளந்த புள்ளிகளோடு எது அதிகம் பொருந்துகிறதோ அதை எடுத்துக்கொள்கிறார்கள்.